பாட்டைப் போடுறவர் பாடினவரின் பேரையும் சொல்ல வேணும்

வருஷம் முடியப் போகுதெண்டால் எல்லாரும் லிஸ்ட் போடுவினம். நாங்களும் போடுறம். 2022இல் வந்த எலெக்ட்ரோனிக் நடனப் பாட்டுகளில் எங்களுக்குப் பிடிச்ச ஐந்து இது.

முதலில் எங்களைப் பற்றி ஒரு வார்த்தை. நாங்கள் 2022இல்தான் டீஜே பழகத் தொடங்கின ஒரு சின்னக் கூட்டம். கையில் இருக்கிறது ஒரு பழைய லப்டொப், கைமாறி வந்த ஒரு கொன்ட்ரோலர், ஆளுக்கொரு ஹெட்ஃபோன். மார்ச் கடைசியில் நாளுக்கு 13 மணித்தியாலம் வரைக்கும் கரண்ட் போன நேரத்தில், பற்றறி நிற்கும் வரைதான் பழக்கம். ஆகவே கிளப் கிளப்பாகத் திரிஞ்ச ஆக்கள் மாதிரி நாங்கள் கதைக்கப் போறதில்லை.

ஆனால் பழகத் தொடங்கின உடனேயே ஒரு விஷயம் விளங்கிச்சு. டீஜே கையில் இருக்கிறது எல்லாம் மற்ற ஆக்களின் உழைப்பு. குரல் ஒருத்தருடையது, தாளம் இன்னொருத்தருடையது. எதை எதுக்குப் பக்கத்தில் வைக்கிறது, எப்ப உள்ளே விடுறது, எப்ப வெளியே எடுக்கிறது எண்டு முடிவெடுக்கிறதுதான் எங்கட வேலை. அது சின்ன வேலை இல்லை. எண்டாலும் போஸ்டரில் பெரிய எழுத்தில் வாறது டீஜேயின் பேர். பாடினவரின் பேர் எங்கேயும் இல்லை.

அதனால் இந்த லிஸ்டுக்கு இரண்டு அளவுகோல் வச்சம். ஒண்டு, பாட்டு ஆட வைக்குதா? மற்றது, அதில் கேட்கிற குரல் யாருடையது எண்டு சொல்லுதா? இரண்டாவது கேள்வி முதலாவதுக்குக் கொஞ்சமும் குறைஞ்சதில்லை எண்டதுதான் எங்கட வாதம்.

ஏன் இப்பிடி ஒரு அளவுகோல்?

நடன இசையில் குரலைத் திருடி முகத்தை மறைக்கிறது பழைய கதை. 1989இல் பிளாக் பொக்ஸ் எண்ட இத்தாலியக் குழுவின் ‘ரைட் ஒன் டைம்’ இங்கிலாந்தில் முதலிடத்துக்குப் போச்சு. அதில் கேட்கிற அந்த அசுரக் குரல் லொலீட்டா ஹொலவேயுடையது. அவர் 1980இல் பாடின ‘லவ் சென்சேஷன்’ பாட்டிலிருந்து வெட்டி எடுத்தது. ஆனால் டிவியில் வாயசைச்சுக்கொண்டு நிண்டவர் வேறொரு மொடல் அழகி.

அடுத்த வருஷம் சி அன்ட் சி மியூசிக் ஃபெக்டரியின் ‘கொன்னா மேக் யூ ஸ்வெட்’ வந்தது. எல்லாரையும் ஆடச் சொல்லிக் கூப்பிடுற அந்தக் குரலை நீங்கள் கட்டாயம் எங்கேயாவது கேட்டிருப்பியள். அது மார்த்தா வொஷ் பாடினது. வீடியோவில் வாயசைச்சவர் வேறொருத்தர். வொஷ் வழக்குப் போட்டார். அந்தச் சண்டைக்குப் பிறகுதான் பாடினவரின் பேரை இசைத்தட்டில் போடுற பழக்கம் இறுகினது.

ஹவுஸ் இசை எங்கே பிறந்தது எண்டு யோசிச்சுப் பாருங்கோ. 1980களின் தொடக்கத்தில் சிக்காகோவில், பெரும்பாலும் கறுப்பின, தற்பாலீர்ப்பு இளைஞர்கள் கூடின கிளப்புகளில். வெளியில் இடம் கிடைக்காத ஆக்கள் தங்களுக்கெண்டு உருவாக்கின இசை அது. அவையளின் குரல் உலகம் முழுக்கப் போச்சு, பேர் போகேல்லை. இதை மனசில் வச்சுக்கொண்டு லிஸ்டுக்கு வருவம்.

1. பியோன்சே: ‘பிரேக் மை சோல்’

ஜூனில் வந்தது, ஓகஸ்டில் அமெரிக்க பில்போர்ட் பட்டியலில் முதலிடம். வேகம் கிட்டத்தட்ட 115 பிபிஎம். அனேகமான ஹவுஸ் பாட்டுகள் 120க்கும் 130க்கும் இடையில் ஓடும். இது கொஞ்சம் ஆறுதலா நடக்குது. புதுசாப் பழகிற ஆக்களுக்கு, ஒரு இரவைத் தொடங்கிறதுக்கு அருமையான பாட்டு.

அந்த ஓர்கன் பேஸைக் கேட்டவுடனேயே ரொபின் எஸ்ஸின் ‘ஷோ மீ லவ்’ ஞாபகம் வரும். 90களின் ஹவுஸ் கீதம் அது. அதை எழுதின ஆக்களின் பேர் இந்தப் பாட்டின் கிரெடிட்டில் இருக்கு. இடையில் வாற அதட்டல் குரல் நியூ ஓர்லியன்ஸின் பிக் ஃப்ரீடியாவுடையது. அவர் 2014இல் பாடின பாட்டிலிருந்து எடுத்தது. உயிரோடு இருக்கிறபோதே தனக்கு மரியாதை கிடைச்சுது எண்டு ரொபின் எஸ் வெளிப்படையாகவே நன்றி சொன்னார்.

எண்டாலும் அதே ‘ரினெய்சன்ஸ்’ அல்பத்தில் இன்னொரு பாடமும் இருக்கு. ‘எனர்ஜி’ பாட்டில் கெலிஸின் ‘மில்க்ஷேக்’கிலிருந்து ஒரு சின்னத் துண்டு இருந்தது. தன்னிடம் யாரும் ஒரு வார்த்தை சொல்லேல்லை எண்டு கெலிஸ் பகிரங்கமாகக் கோபப்பட்டார். எழுத்துரிமை தயாரிப்பாளர்களிடம் இருந்தபடியால் சட்டப்படி அவரைக் கேட்க வேண்டிய தேவை இல்லை. ஆனாலும் சில நாட்களில் அந்தத் துண்டு பாட்டிலிருந்து எடுக்கப்பட்டது. சட்டம் ஒண்டு, மரியாதை வேறொண்டு எண்டு எங்களுக்கு விளங்கின இடம் அது.

2. எலைசா ரோஸ், இன்டர்பிளனெட்டரி கிரிமினல்: ‘பி.ஓ.டி.ஏ.’

செப்டெம்பரில் இங்கிலாந்தில் முதலிடம். லண்டன்காரி எலைசா ரோஸ் பதின்ம வயதிலேயே இசைத்தட்டுக் கடையில் வேலை செய்தவர், டீஜே, பாடகி. ஒரு பெண் டீஜே அங்கே முதலிடத்துக்கு வந்தது 22 வருஷத்துக்குப் பிறகு. அதுக்கு முதல் 2000இல் சொனீக்.

எங்களுக்கு இது ஏன் முக்கியம்? பாடினவரும் டீஜேயும் ஒரே ஆள், பேரும் முன்னுக்கே இருக்கு. மார்த்தா வொஷ்ஷின் குரலுக்கு இன்னொரு பெண் வாயசைச்ச காலத்திலிருந்து இது எவ்வளவு தூரம்! பாட்டும் அலட்டல் இல்லாதது. துள்ளுற பேஸ், சொக்க வைக்கிற குரல், அவ்வளவுதான். எங்கட ஊர்களில் பெட்டையள் கொன்ட்ரோலரில் கை வச்சால், “பாட்டு நீங்களோ போடுறியள்?” எண்டு கேட்கிற அண்ணைமாருக்கு இந்தப் பாட்டைக் காணிக்கையாக்கிறம்.

3. எல்எஃப் சிஸ்டம்: ‘அஃப்ரெய்ட் டு ஃபீல்’

ஸ்கொட்லாந்தைச் சேர்ந்த இரண்டு பேர். எட்டு வாரம் இங்கிலாந்தில் முதலிடத்தில் இருந்தது. ஸில்க் எண்ட குழுவின் 1979ஆம் ஆண்டுப் பாட்டை எடுத்து வேகமாக்கியிருக்கினம். நடுவில் பாட்டு திடீரெண்டு மெதுவாகி, பிறகு மூச்சு வாங்க ஓடும். மிக்ஸ் பண்ணுற ஆளுக்குத் தலையிடி, ஆடுற ஆளுக்குக் கொண்டாட்டம்.

முதல் அளவுகோலில் இது லிஸ்டிலேயே முன்னுக்கு நிக்குது. இரண்டாவதில் கடைசி. பாட்டின் தலைப்பில் ஸில்க் எண்ட பேரே இல்லை. அனுமதி எடுத்துப் பாவிக்கிறது வேற, ஆடுறவருக்குத் தெரியிற மாதிரி பேரைச் சொல்லுறது வேற. இந்தப் பாட்டின் உயிர் 43 வருஷத்துக்கு முதல் பதிவான ஒரு குரலில்தான் இருக்கு. அதைத் தேடிப்பிடிக்க வேண்டிய பொறுப்பைக் கேட்கிறவரின் தலையில் போட்டிருக்கத் தேவையில்லை.

4. ஃபிரெட் அகெய்ன்: ‘டிலைலா’

ஒக்டோபரில் வந்த ‘அக்சுவல் லைஃப் 3’ அல்பத்தில் இருக்கிறது. ஃபிரெட்டிடம் எங்களுக்குப் பிடிச்ச பழக்கம் ஒண்டு இருக்கு. யாருடைய குரலை எடுக்கிறாரோ, அவரின் பேரையே பாட்டுக்குத் தலைப்பாக வைக்கிறார். இதில் கேட்கிறது டிலைலா மொன்டகியூவின் குரல். ‘டேனியல்’ எண்ட பாட்டில் கேட்கிறது 070 ஷேக். டேனியல் அவரின் இயற்பேர்.

முழுப்பேரும் இல்லாமல் முதல்பேர் மட்டும் வாறது பாதி மரியாதைதான் எண்டு எங்களுக்குள்ளேயே ஒரு வாக்குவாதம் நடந்தது. அது நியாயமான கேள்வி. ஆனால் ‘டிலைலா யார்?’ எண்டு தேட வைக்கிற தலைப்பு, தேடவே விடாத தலைப்பை விட எவ்வளவோ மேல்.

5. ஹகோப் சபாரியன்: ‘ரைட் டு ரயட்’

இதில் பாட்டுக்காரர் இல்லை. சுர்னா எண்ட ஊதுகருவியும் தவுல் எண்ட பெரிய மேளமும் டெக்னோ அடியோடு மோதுது. ஆர்மீனியப் பின்னணி கொண்ட பிரித்தானியர் இவர். சுர்னாவைக் கேட்டவுடனே எங்கட ஆக்களுக்கு நாதஸ்வரம்தான் ஞாபகம் வரும். ஒரே குடும்பத்துக் கருவிகள்தானே. கோயில் திருவிழாவில் மேளக் கச்சேரி உச்சத்துக்குப் போறபோது நெஞ்சுக்குள்ளே இடிக்குமே, அந்த இடி இதில் இருக்கு.

பேர் சொல்லுறது குரலுக்கு மட்டுமில்லை, கருவிக்கும்தான். இணையத்தில் விற்கிற சத்தப் பொதிகளில் இப்படியான கருவிகளை ‘எத்னிக்’, ‘ட்ரைபல்’ எண்டு ஒரே கூடைக்குள்ளே போட்டு வைப்பினம். பறையை ‘ட்ரைபல் ட்ரம்’ எண்டு பேர் மாத்திப் போட்டால், அதை அடிச்ச சமூகமும் அதுக்காக அவையள் பட்ட அவமானமும் அந்தப் பேரோடேயே அழிஞ்சு போகும். சுர்னாவை சுர்னா எண்டும் பறையைப் பறை எண்டும் சொல்லுவம்.

எங்கட வீட்டுக்குள்ளேயும் இந்தச் சண்டை இருக்கு

இதெல்லாம் வெளிநாட்டுக் கதை எண்டு நினைச்சால், ‘எஞ்ஜாய் எஞ்சாமி’யை எடுத்துக்கொள்ளுங்கோ. 2021 மார்ச்சில் தீயும் அறிவும் பாடி வந்த பாட்டு. அறிவின் பாட்டி வள்ளியம்மாள் இலங்கையின் தேயிலைத் தோட்டத்தில் வேலை செய்து, பிறகு தமிழ்நாட்டுக்குத் திரும்பிப் போனவர். 1964ஆம் ஆண்டின் சிறிமா சாஸ்திரி ஒப்பந்தத்தால் கப்பலேறின லட்சக்கணக்கான மலையகத் தமிழர்களின் கதை அந்தப் பாட்டுக்குள்ளே இருக்கு. எங்கட நாட்டின் கதை அது.

பிரெஞ்சு டீஜேயான டீஜே ஸ்னேக் அதை ரீமிக்ஸ் செய்தார். நியூயோர்க் டைம்ஸ் சதுக்கத்தின் விளம்பரப் பலகையில் தீயும் டீஜே ஸ்னேக்கும் இருந்தினம், அறிவு இல்லை. அதே வருஷம் ரோலிங் ஸ்டோன் இந்தியாவின் அட்டையிலும் அறிவு இல்லை. இயக்குநர் பா. ரஞ்சித் உட்படப் பலர் கேள்வி கேட்ட பிறகு அறிவுக்கு டிஜிட்டல் அட்டை ஒண்டு வந்தது. 2022 ஜூலையில் சென்னை செஸ் ஒலிம்பியாட் தொடக்க விழாவில் அறிவு இல்லாமலேயே பாட்டு மேடையேற, சண்டை திரும்பவும் தொடங்கிச்சு. அறிவும் தீயும் சந்தோஷ் நாராயணனும் ஆளுக்கொரு நீண்ட விளக்கம் எழுதிச்சினம். யார் எவ்வளவு செய்தது எண்டு தீர்ப்புச் சொல்லுறது எங்கட வேலை இல்லை. ஆனால் நிலமில்லாத ஆக்களைப் பற்றின ஒரு பாட்டிலேயே ஒருத்தருக்கு இடமில்லாமல் போகலாம் எண்டால், மற்றப் பாட்டுகளின் கதியை யோசிச்சுப் பாருங்கோ.

பஸ்ஸில் போற ‘நொன்ஸ்டொப்’ மிக்ஸைக் கேளுங்கோ. டீஜேயின் பேரைக் கனமான குரலில் பத்துத் தரம் சொல்லும். பாடினவரின் பேர் ஒருதரமும் வராது. கலியாண வீட்டில், சாமத்திய வீட்டில் ஓடுறதும் அதே கோப்புகள்தான்: யூரியூப்பில் இறக்கி, பேரைத் துடைச்சு, ‘ஃபுல் பேஸ் 2022’ எண்டு சேமிச்சது.

“ஆடுறவனுக்குப் பேர் எதுக்கு, பேஸ் காணும்” எண்டு சொல்லுவினம். ஆடுற நேரத்தில் காணும்தான். ஆனால் அடுத்த நாள் காலமை அந்தப் பாட்டைத் தேடுறவருக்குப் பேர் வேணும். அந்தத் தேடல்தான் பாடகருக்கு அடுத்த மேடையையும் அடுத்த சம்பளத்தையும் கொண்டு வருது. பேர் இல்லாத குரலுக்கு ஒருத்தரும் காசு அனுப்ப ஏலாது.

இதுக்குப் பெரிய செலவும் இல்லை. பாட்டைக் கணினியில் சேர்க்கிறபோது பாடினவர், எழுதினவர், மூலப்பாட்டு மூண்டையும் குறிப்பில் எழுதலாம். மிக்ஸை இணையத்தில் ஏத்தினால் கீழே முழு வரிசையையும் போடலாம். மைக் கையில் இருந்தால் உங்கட பேரைச் சொல்லுற ஒவ்வொரு தடவையும் ஒரு பாடகரின் பேரையும் சொல்லலாம். கோயில் மேடையில் தவில்காரரின் பேரை ஊரோடு சேர்த்துச் சொல்லிக் கூப்பிடுற பழக்கம் எங்களிட்ட ஏற்கனவே இருக்கு. அதை ஸ்பீக்கர் பெட்டிக்குப் பக்கத்திலேயும் கொண்டு வருவம்.

உங்கட ஐந்தையும் அனுப்புங்கோ. பாடினவரின் பேரோடு.