'வரை' என்ற ஒரு சொல்லும் எங்கள் பிள்ளைகளும்



கொட்டாஞ்சேனையிலும் வெள்ளவத்தையிலும் பெற்றோர் எங்களைக் கண்டால் கேட்கும் கேள்வி ஒன்று இருக்கிறது. "டீச்சர், தமிழ் மீடியத்தில் படிக்கிற பிள்ளைக்கு ப்ரோக்ராமிங் வருமா? இங்லிஷ் மீடியத்துக்கு மாத்துவமா?" சா/தர ஐ.சி.டி. வினாத்தாளில் மீள்செயல், அதாவது லூப், வரும் கேள்வியை எங்கள் பிள்ளைகளில் பலர் தொடாமலே விட்டுவிட்டு வருகிறார்கள். உம்மாமாருக்கு அந்தப் பயம்.

வரும் என்பதுதான் எங்கள் பதில். ஆனால் தமிழில் படிக்கும் பிள்ளைக்கு இந்தப் பாடத்தில் ஒரு தனிச் சிக்கல் இருக்கிறது. அதை ஆசிரியர்களாகிய நாங்களே கனகாலம் கவனிக்கவில்லை என்பதையும் ஒத்துக்கொள்ள வேண்டும்.

சாதாரண தரத்தில் படிப்பிக்கும் பாஸ்கல் மொழியில் மூன்று வகை லூப் உண்டு. ஃபோர், வைல், ரிப்பீட் அன்டில். எத்தனை தடவை என்று முன்பே தெரிந்தால் ஃபோர். நிபந்தனையை முதலில் பார்த்துவிட்டு வேலையைச் செய்வது வைல். வேலையைச் செய்துவிட்டு நிபந்தனையைப் பார்ப்பது ரிப்பீட். இதைப் பிள்ளைகள் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வார்கள். பிறகு ஏன் பிழைக்கிறது?

'வரை' என்ற சொல்லைப் பாருங்கள். "பஸ் வரும் வரை நின்றோம்" என்கிறோம். பஸ் வந்ததும் நிற்பது முடிந்தது. "கையில் காசு இருக்கும் வரை செலவழித்தான்" என்கிறோம். காசு இருக்கிற நேரமெல்லாம் செலவு நடந்தது, இல்லாமல் போனதும் முடிந்தது. முதலாவது அன்டில், இரண்டாவது வைல். நிபந்தனை உண்மையானால் ஒன்றில் வேலை நிற்கிறது, மற்றதில் வேலை நடக்கிறது. நேர் எதிர். தமிழில் இரண்டுக்கும் 'வரை' என்ற ஒரே சொல்தான். பேச்சில் யாரும் குழம்புவதில்லை, பஸ்ஸும் காசும் அர்த்தத்தைக் காட்டிக்கொடுத்துவிடும். ஆனால் "எண் 5 ஐ விடக் கூடாமல் இருக்கும் வரை" என்று கரும்பலகையில் எழுதிப்போட்டால் பிள்ளை எதை எடுத்துக்கொள்ளும்?

1 இலிருந்து 5 வரை அச்சிடச் சொன்னோம் என்று வைத்துக்கொள்ளுங்கள். வைல் என்றால் நிபந்தனை "எண் 5 அல்லது அதற்குக் குறைவு". அதே நிபந்தனையைப் பிள்ளை அப்படியே ரிப்பீட் அன்டிலிலும் எழுதுகிறது. 1 ஐ அச்சிட்டு, எண்ணை 2 ஆக்கி, நிபந்தனையைப் பார்த்தால், 2 ஐந்துக்குக் குறைவு, உண்மை. உடனே நின்றுவிடும். ஐந்து எண் வரவேண்டிய இடத்தில் ஒன்றே ஒன்று. அங்கே "5 ஐ விடக் கூட" என்று புரட்டி எழுதியிருக்க வேண்டும். இந்தப் பிழையை விடைத்தாள்களில் எத்தனை தடவை சிவப்பு மையால் வெட்டியிருப்போம். வெட்டினோமே தவிர, ஏன் வருகிறது என்று யோசிக்கவில்லை.

இப்போது வகுப்பில் 'வரை' என்ற சொல்லையே இந்தப் பாடத்துக்குத் தடை செய்திருக்கிறோம். வைல் என்றால் "உண்மையென்றால் உள்ளே போ". அன்டில் என்றால் "உண்மையென்றால் வெளியே வா". அவ்வளவுதான். குறைந்த நேரத்தில் விளங்கிவிடுகிறது.

உதாரணத்துக்கும் தூரம் போகத் தேவையில்லை. நோன்பு மாதமே ஒரு ரிப்பீட் அன்டில். ஒவ்வொரு நாளும் நோன்பு பிடி, நாளை ஒன்றால் கூட்டு. எப்போது வெளியே வருவது? 29 ஆம் நாள் மாலை கொழும்பு பெரிய பள்ளிவாசலில் பிறை மாநாடு கூடும். பிறை தென்பட்டது உறுதியானால் மாதம் முடிந்தது. தென்படாவிட்டால் 30 ஐப் பூர்த்தி செய். "29 ஆகிப் பிறையும் தென்பட்டால், அல்லது 30 ஆனால்" என்று இரண்டு வாசல் உள்ள நிபந்தனை இது. வானம் முழுக்க மேகமாக இருந்தாலும் அந்த 30 இருப்பதால் லூப் முடிவில்லாமல் ஓடாது.

முடிவில்லாமல் ஓடுவது சின்னப் பிள்ளைகளின் பிழை என்று நினைக்க வேண்டாம். 2008 டிசம்பர் 31 ஆம் திகதி மைக்ரோசொப்டின் ஸூன் என்ற பாட்டுக் கருவி, 30 ஜிபி மாதிரி, உலகம் முழுக்க உறைந்து நின்றது. உள்ளே ஒரு வைல் லூப் இருந்தது. நாட்களின் எண்ணிக்கை 365 ஐ விடக் கூட இருந்தால், ஒரு வருடத்தைக் கழித்துக்கொண்டே போகும். 2008 லீப் வருடம், அன்றைக்கு 366 ஆவது நாள். 365 ஐ விடக் கூட, ஆகவே உள்ளே போனது. லீப் வருடமென்பதால் 366 ஐ விடக் கூட இருந்தால்தான் கழிக்கும். கூட இல்லை. எதையும் கழிக்காமல் மேலே போய் திரும்பவும் அதே கேள்வி. பெட்டரி இறங்கும் மட்டும் விட்டுவிட்டு, அடுத்த நாள் திரும்பப் போடுங்கள் என்பதுதான் பாவனையாளர்களுக்குச் சொல்லப்பட்ட வைத்தியம்!

இன்னொரு பிழை எண்ணுவதில் வரும். "10 முதல் 20 வரை ஃபோர் லூப் எத்தனை தடவை ஓடும்?" என்றால் பாதி வகுப்பு 10 என்கும். 11. இங்கே நாங்கள் உம்ராவுக்குப் போய்வந்த வீட்டுப் பெரியவர்களை இழுத்துக்கொள்வோம். ஸபாவிலிருந்து மர்வாவுக்குப் போனால் ஒன்று, திரும்பி வந்தால் இரண்டு, ஏழாவது மர்வாவில் முடியும். போய்வருவதை ஒன்றென்று எண்ணினால் 14 தடவை நடந்து ஸபாவில் வந்து நிற்பீர்கள். ஒரு சுற்று என்றால் எது என்பதை முதலில் தீர்மானிக்க வேண்டும், பிறகுதான் எண்ண வேண்டும். லூப்புக்குள் லூப் வேண்டுமென்றால் எங்கள் வகுப்பின் கத்தோலிக்கப் பிள்ளைகள் செபமாலையைச் சொல்வார்கள். உள்ளே 10, வெளியே 5, மொத்தம் 50. புனித லூசியாள் பேராலயத்துக்குப் பக்கத்தில் வளர்ந்த பிள்ளைக்கு இதற்கு மேல் விளக்கம் வேண்டுமா?

வெள்ளவத்தையில் டியூஷனுக்குக் குறைவில்லை. "கோடிங்" என்று போர்ட் போட்டுச் சான்றிதழ் கொடுக்கும் வகுப்புகளும் வந்துவிட்டன. எல்லாவற்றையும் குறை சொல்லவில்லை. ஆனால் கடன்பட்டு லெப்டொப் வாங்க முன்னர் ஒரு பென்சிலும் சதுரக்கோட்டுக் கொப்பியும் வாங்கிக் கொடுங்கள். ஒவ்வொரு சுற்றிலும் ஒவ்வொரு மாறியின் பெறுமானம் என்ன என்று பிள்ளை ஒரு வரி எழுத வேண்டும். ஐந்து சுற்றென்றால் ஐந்து வரி. இது அலுப்பான வேலை, அதனால்தான் பிள்ளைகள் தாண்டப் பார்க்கிறார்கள், கடந்தகால வினாத்தாள் விடையை மனப்பாடம் செய்கிறார்கள். எண்ணை மாற்றிக் கேட்டால் மாட்டிக்கொள்கிறார்கள். உயர்தரத்தில் பைதன் வரும்போது மொழி மாறும், இந்த வேலை மாறாது.

கூட்டங்களில் அல் குவாரிஸ்மியைப் பற்றி நாங்கள் நிறையப் பேசுகிறோம். பக்தாதில் 9 ஆம் நூற்றாண்டில் இருந்தவர், அல்கொரிதம் என்ற சொல்லே அவருடைய பெயரிலிருந்து வந்தது என்று மைக் பிடிக்கும் எல்லோரும் சொல்கிறார்கள். உண்மைதான். அதே கூட்டத்தில் முன் வரிசையில் இருக்கும் பிள்ளை அந்தக் கேள்வியைத் தொடாமல் விட்டுவிட்டு வந்திருக்கிறது. அதைப் பற்றி மைக்கில் யாரும் பேசுவதில்லை.

இன்றிரவு பிள்ளையிடம் இதைக் கொடுங்கள். மொத்தம் 0. எண் 1. வைல், எண் 5 ஐ விடக் குறைவு என்றால்: மொத்தத்தோடு எண்ணைக் கூட்டு, பிறகு எண்ணை ஒன்றால் கூட்டு. முடிவில் மொத்தம் எத்தனை, எண் எத்தனை? இரண்டையும் கேளுங்கள். மொத்தத்தைப் பலர் சரியாகச் சொல்வார்கள், எண்ணில்தான் பிழைக்கும். அட்டவணையை எழுதிப் படம் எடுத்துக் கீழே போடச் சொல்லுங்கள், பார்த்துத் திருத்தித் தருகிறோம்.