தென்னை மட்டைக்கு ஒரு களம் வேண்டும்

சென்னையின் அடுக்குமாடிக் குடியிருப்புகளில் தோட்டம் பராமரிக்கும் ஒப்பந்தக்காரருக்குக் கவாத்து செய்வது பெரிய வேலையில்லை. வெட்டியதை எங்கே கொண்டுபோய்ப் போடுவது என்பதுதான் தலைவலி. வீடு வீடாக வரும் பேட்டரி வண்டியில் தென்னை மட்டை அடங்காது. ‘குட்டி யானை’ சரக்கு வண்டி பிடித்தால் வாடகை யார் தலையில்? மாத ஒப்பந்தத்தில் அதற்கென்று ஒரு வரிகூடப் பெரும்பாலும் இருக்காது. இருட்டியதும் ஏரிக்கரையிலோ காலி மனையிலோ தழை இறங்குகிறது. காய்ந்ததும் யாராவது தீ வைக்கிறார்கள்.

சட்டம் இல்லாமலில்லை. தோட்டக் கழிவைத் தத்தம் வளாகத்திலேயே தனியாகச் சேர்த்துவைக்கச் சொன்ன திடக்கழிவு மேலாண்மை விதிகள் 2016-இலேயே வந்துவிட்டன. தெருவில் வீசவும் எரிக்கவும் கூடாது என்றன அவை. அதே ஆண்டு டிசம்பரில் தேசிய பசுமைத் தீர்ப்பாயம், குப்பையை எரித்தால் 5,000 ரூபாய், பெருமளவில் எரித்தால் 25,000 ரூபாய் அபராதம் என்றது. புகை நின்றபாடில்லை. கொட்ட இடம் காட்டாமல் அபராதத்தை மட்டும் ஏற்றினால் வண்டி இன்னொரு ஏரிக்குப் போகும், அவ்வளவுதான். குப்பைக்கிடங்குக்கு அனுப்புவதும் தீர்வாகாது. பெருங்குடிக் கிடங்கு 2022 ஏப்ரலில் நாள்கணக்கில் எரிந்ததை நகரம் மறந்திருக்காது.

இத்தனைக்கும் தோட்டக் கழிவு உருப்படியான சரக்கு. மட்டையை முழுசாகக் குவித்தால் லேசில் மக்காது. அதில் கார்பன் அதிகம், நைட்ரஜன் குறைவு. பொடியாக நறுக்கி, பச்சைப் புல்லும் சாணிக் கரைசலும் கலந்து, ஈரம் காயாமல் புரட்டிவிட வேண்டும். குவியலின் நடுவில் கை வைக்க முடியாத சூடு ஏறும். சில மாதங்களில் எரு தயார். நறுக்கும் இயந்திரம் வாங்குவது சிறு ஒப்பந்தக்காரருக்குக் கட்டுப்படியாகாது.

எனவே, ஒப்பந்தக்காரர் வண்டியோடு வந்து, எடை போட்டு, கட்டணம் கட்டி இறக்கிவிட்டுப் போகும் களம் ஒன்றை, நறுக்கும் இயந்திரத்தோடு, மாநகராட்சி ஒவ்வொரு மண்டலத்திலும் திறக்க வேண்டும். கட்டணமும் வண்டி வாடகையும் குடியிருப்பின் கணக்கில் சேரட்டும். நிழலும் பசும்புல்லும் குடியிருப்பவர்களுக்குத்தானே! களத்தின் ரசீது இல்லாமல் தோட்டப் பராமரிப்பு பில்லைக் குடியிருப்போர் சங்கங்கள் பாஸ் செய்யக் கூடாது.

அரசுத் துறைகளுக்கும் விலக்கு கூடாது. மின்கம்பியில் உரசுகிறதென்று வெட்டிய கிளைகள் நடைபாதையிலேயே கிடக்கின்றன. கேட்டால் மின்வாரியம் மாநகராட்சியைக் கைகாட்டுகிறது, மாநகராட்சி மின்வாரியத்தை. வெட்டிய துறையே அன்றைக்கே ஏற்றிச் சென்று களத்தில் எடை போட வேண்டும். ஒப்பந்தக்காரரிடம் அபராதம் வசூலிக்கப் போவது அதற்குப் பிறகு இருக்கட்டும்.