பார்க்காத கண்ணுக்கு ஒரு சான்றிதழ்

சாலைக் கடைத்தெருவில் மூட்டை சுமப்பவரின் மகனும், பழைய இரும்பு வாங்கி விற்பவரின் தம்பியும், கட்டட வேலைக்குச் சித்தாளாகப் போகிறவரின் மகளும் இன்று முதலில் தேடுவது டிரைவிங் லைசென்ஸைத்தான். தலைச்சுமையை இறக்கி வைத்துவிட்டு ஸ்டியரிங்கைப் பிடிப்பது நம் குடும்பங்களுக்குச் சிறிய காரியமல்ல. நாள் கூலி மாதச் சம்பளமாக மாறுவதும், சொந்தமாக ஒரு சரக்கு ஆட்டோ வாங்குவதும் அந்த அட்டையிலிருந்துதான் தொடங்குகின்றன. ஆகவே அந்த அட்டைக்கு முந்திய படியான கற்போர் லைசென்ஸைப் பற்றியும், அதற்கு வைக்கவேண்டிய வைத்தியக் காகிதத்தைப் பற்றியும் இந்த இதழில் பேசவேண்டியிருக்கிறது.

திருவனந்தபுரத்தில் நம்மவர் ஒருவர் லைசென்ஸ் எடுக்கப் போனால் பெரும்பாலும் நடப்பது என்ன? டிரைவிங் பள்ளிக்காரர் மொத்தமாக ஒரு தொகை சொல்லுகிறார். விண்ணப்பம், போட்டோ, கண் சான்றிதழ், உடல் தகுதிச் சான்றிதழ் எல்லாம் அதில் அடக்கம். “நீங்கள் ஒன்றும் அலைய வேண்டாம், காகிதமெல்லாம் நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்” என்கிறார். ஒரு நாள் வேலையை விட்டால் ஒரு நாள் கூலி போயிற்று என்ற நிலையில் இருப்பவனுக்கு இது உபகாரமாகவே தோன்றுகிறது. இரண்டு நாள் கழித்துச் சான்றிதழ் வருகிறது. அதில் டாக்டரின் கையொப்பமும் பதிவு எண்ணும் உண்டு. டாக்டர் இவனைப் பார்த்ததும் இல்லை, இவன் டாக்டரைப் பார்த்ததும் இல்லை! எல்லா டாக்டர்களும் இப்படி என்று நாம் சொல்லவில்லை. நாற்காலியில் உட்காரவைத்து, எழுத்துப் பலகையைப் படிக்கச் சொல்லி, நேர்மையாகக் கையெழுத்திடுகிறவர்களும் இந்நகரில் இருக்கிறார்கள். அவர்களிடம் போகும் வழியைத்தான் இடைத்தரகு அடைத்துக்கொண்டு நிற்கிறது.

சட்டம் என்ன கேட்கிறது என்பதை நம் குடும்பங்கள் தெரிந்துகொள்வது நல்லது. 1988-ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டம் 1989 ஜூலை முதல் அமலில் இருக்கிறது. அதன்கீழ் வந்த மத்திய விதிகளில் இரண்டு பாரங்கள் உண்டு. முதல் பாரம் விண்ணப்பதாரரே எழுதிக் கையொப்பமிடும் உறுதிமொழி. அடுத்தது 1-ஏ பாரம். நேரில் பரிசோதித்த டாக்டர் தருவது. ஸ்கூட்டர், சொந்தக் கார் போன்ற போக்குவரத்து அல்லாத வண்டிகளுக்கு டாக்டர் சான்றிதழ் தேவையில்லை என்று சட்டத்தின் 8-ஆவது பிரிவே சொல்லுகிறது. வாடகை வண்டி, லாரி, பஸ் போன்ற போக்குவரத்து வண்டிகளுக்கு அது கட்டாயம். லைசென்ஸைப் புதுப்பிக்கும்போதோ 40 வயது கடந்த எல்லாருக்கும் அது வேண்டும். கேரளத்தில் வண்டி எதுவானாலும் கண் சான்றிதழ் கொண்டுவரச் சொல்வது நடைமுறையாகியிருக்கிறது. கண்ணைச் சோதிப்பதை நாம் எதிர்க்கவில்லை. சோதிக்காமலே சோதித்ததாக எழுதி, அதற்குக் காசு வாங்குவதைத்தான் எதிர்க்கிறோம்.

அந்தச் சோதனை அப்படியொன்றும் பயங்கரமானதல்ல. நல்ல பகல் வெளிச்சத்தில் 25 மீட்டர் தூரத்தில் நிற்கும் காரின் நம்பர் பலகையைப் படிக்க முடிகிறதா? சிவப்பையும் பச்சையையும் பிரித்தறிய முடிகிறதா? மாலைக்கண் உண்டா? ஹாரன் சத்தம் காதில் விழுகிறதா? கை கால்களில் வண்டி ஓட்டத் தடையாக ஏதாவது குறை இருக்கிறதா? கால் மணி நேரத்தில் முடிகிற காரியம்.

பிறகு ஏன் நம்மவர்கள் ஒதுங்குகிறார்கள்? கூலி போவது ஒரு காரணம். அதைவிடப் பெரிய காரணம் பயம். குறை இருப்பது தெரிந்தால் பிழைப்புப் போய்விடுமே என்ற பயம். இந்தப் பயத்தில் பாதி, விஷயம் தெரியாததால் வருவது. பார்வை மங்கல் என்றால் லைசென்ஸ் கிடையாது என்பதில்லை. கண்ணாடி போட்டுச் சரியாகத் தெரிந்தால் போதும் என்று பாரத்திலேயே இடம் இருக்கிறது. நிறக்குருடு என்ற ஒரே காரணத்தால் ஒதுக்கப்பட்டவர்களுக்கும் 2020 ஜூன் மாதத்தில் விதி தளர்த்தப்பட்டது. லேசான, நடுத்தர அளவு நிறக்குறை உள்ளவர்கள் லைசென்ஸ் பெறலாம். இதை அறியாமல், கண்ணைச் சோதிக்காத காகிதத்தை விலைக்கு வாங்கி, கண்ணாடியும் போடாமல், மழை இரவில் கழக்கூட்டம் பைபாஸில் வண்டி ஓட்டுகிறவனை நினைத்தால் நமக்கு நெஞ்சு பதறுகிறது. சில நூறு ரூபாய்க் கண்ணாடியில் தீரவேண்டிய விஷயம் அது.

வலிப்பு நோயின் கதை இதைவிட வேதனையானது. உறுதிமொழிப் பாரத்தின் கேள்விகளில் முதலாவதாக நிற்பதே வலிப்பு, மயக்கம், தலைசுற்றல் பற்றியதுதான். “ஆம்” என்று எழுதினால் கதவு மூடிவிடும். 1939-ஆம் ஆண்டின் பழைய சட்டத்திலேயே வலிப்பு தடையாக எழுதப்பட்டிருந்தது. புதிய சட்டம் வந்தும் அந்தப் பார்வை மாறவில்லை. மருந்து ஒழுங்காகச் சாப்பிட்டுப் பல வருஷங்களாக வலிப்பே வராதவனுக்கும், நேற்று விழுந்தவனுக்கும் ஒரே கேள்வி, ஒரே பதில். பிரிட்டனில் ஒரு வருஷம் வலிப்பில்லாமல் இருந்தால் கார் ஓட்ட அனுமதி கேட்கலாம். லாரிக்கும் பஸ்ஸுக்கும் விதி மிகக் கடுமை. அங்கே உண்மையைச் சொன்னவனுக்கு ஒரு வழி இருக்கிறது. இங்கே உண்மையைச் சொன்னவன் நஷ்டப்படுகிறான், மறைத்தவன் வண்டி ஓட்டுகிறான். வலிப்பு சிகிச்சைக்குப் பேர்பெற்ற ஸ்ரீ சித்திரைத் திருநாள் நிலையம் இந்த ஊரிலேயே இருக்கிறது. தமிழ்நாட்டிலிருந்தும் ரயிலேறி நோயாளிகள் வருகிறார்கள். அத்தகைய இடத்து நிபுணர்களின் யோசனையைக் கேட்டு விதியைத் திருத்த மத்திய சர்க்காருக்கு என்ன தயக்கம்? அதுவரை, வலிப்பு இருப்பவர் மறைத்து வண்டி ஓட்டலாம் என்று நாம் சொல்ல மாட்டோம். அவர் பின்னால் உட்கார்ந்திருப்பது அவருடைய பிள்ளையாக இருக்கலாம்.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். 2024 நவம்பர் 6-ஆம் தேதி சுப்ரீம் கோர்ட்டின் ஐந்து நீதிபதிகள் கொண்ட பெஞ்சு ஒரு தீர்ப்பு அளித்தது. இலகுரக வண்டி லைசென்ஸ் வைத்திருப்பவர், 7,500 கிலோ எடைக்கு உட்பட்ட போக்குவரத்து வண்டியையும் தனி அனுமதி இல்லாமலே ஓட்டலாம் என்பது தீர்ப்பு. சரக்கு வண்டியிலும் டெம்போவிலும் பிழைக்கும் நம்மவர்களுக்கு இது பெரிய நிம்மதி. ஆனால் இதன் மறுபக்கம் என்ன? சொந்தக் காருக்கென்று சட்டம் கேட்கும் உறுதிமொழி ஒன்றை வைத்தே ஒருவர் நாள் முழுவதும் சரக்கு வண்டி ஓட்டும் நிலை வந்திருக்கிறது. அந்த உறுதிமொழியில் யாரோ நிரப்ப, இவர் படிக்காமல் கையெழுத்துப் போட்டிருந்தால்? மோசடியாலோ பொய்த் தகவலாலோ பெற்ற லைசென்ஸை ரத்துசெய்ய 19-ஆவது பிரிவு அதிகாரம் கொடுக்கிறது. அன்றைக்குப் பள்ளிக்காரர் வந்து நிற்க மாட்டார். கையெழுத்து இவருடையது.

படிக்காமல் கையெழுத்துப் போடுவதற்கு நம்மவர்களை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. தமிழ் மட்டுமே படிக்கத் தெரிந்தவனிடம் மலையாளத்திலும் இங்கிலீஷிலும் அச்சடித்த பாரத்தை நீட்டினால் அவன் என்ன செய்வான்? 1956 நவம்பரில் தெற்கே நான்கு தாலுகாக்கள் தமிழ்நாட்டோடு சேர்ந்த பிறகும், இந்நகரத்தில் தமிழ் பேசுகிறவர்கள் தலைமுறை தலைமுறையாக வாழ்கிறார்கள். பிழைப்புத் தேடிப் புதிதாக வருகிறவர்களும் நின்றபாடில்லை. குறைகளைத் தீர்க்கக் கோரும் மனுவை, மாநிலத்தில் வழங்கும் எந்த மொழியிலும் கொடுக்கலாம் என்று அரசியல் சட்டத்தின் 350-ஆவது ஷரத்து சொல்லுகிறது. அந்த உரிமையை நாம் இதற்குப் பயன்படுத்த வேண்டும்.

2024 மே மாதத்தில் டிரைவிங் டெஸ்ட் முறையை மாற்றப் போய், முட்டத்தறை மைதானத்தில் டிரைவிங் பள்ளிக்காரர்கள் மறியல் செய்தது பலருக்கு நினைவிருக்கும். எட்டு போடுவதா, எச் எடுப்பதா, ஒரு நாளைக்கு எத்தனை பேருக்கு டெஸ்ட் என்று ஊரே விவாதித்தது. ஓட்டுகிறவனின் கண் தெரிகிறதா என்ற கேள்விக்கு அந்த அமளியில் இடம் கிடைத்ததாக நமக்குத் தோன்றவில்லை. (எச் எடுக்கத் தெரிந்தவனுக்கு எதிரே வரும் லாரியும் தெரிய வேண்டாமா?)

மோட்டார் வாகன இலாகாவிடமும் சுகாதார இலாகாவிடமும் நாம் கேட்பது அதிகமில்லை. ஜில்லாவின் அரசாங்க ஆஸ்பத்திரிகளில் வாரத்துக்கு ஒரு நாள், வேலைக்குப் போகிறவர்கள் வரக்கூடிய நேரத்தில், லைசென்ஸ் பரிசோதனைக்கென்று ஓர் அறை திறக்கட்டும். கட்டணம் எவ்வளவு என்று மலையாளத்தோடு தமிழிலும் பலகையில் எழுதி வைக்கட்டும். உறுதிமொழிப் பாரத்தின் தமிழ் வாசகத்தை ஆர்.டி.ஓ. ஆபீஸ்களில் ஒட்டி வைக்கட்டும்.

நம் கிளைகளுக்கும் வேலை இருக்கிறது. லைசென்ஸுக்கு விண்ணப்பிக்க இருப்பவர்களின் பாரங்களை ஞாயிற்றுக்கிழமைகளில் வாங்கி, ஒவ்வொரு கேள்வியையும் தமிழில் வாசித்துக் காட்டி, பதிலை அவர்கள் சொல்ல எழுதுங்கள். கண் சோதனைக்கு நாலைந்து பேராகச் சேர்ந்து போங்கள். படிக்கத் தெரிந்த ஒருவர் கூடப் போகட்டும். கற்போர் லைசென்ஸ் ஆறு மாதம் செல்லும். 30 நாள் கழிந்தால்தான் டெஸ்டுக்குப் போக முடியும். ஆகவே அவசரம் என்று சொல்லிப் பணம் கேட்கிறவரிடம் ஏமாற வேண்டாம். பரிசோதனை இல்லாமல் சான்றிதழ் தருவதாக யாராவது சொன்னால், கேட்ட தொகை, இடம், தேதி ஆகியவற்றைக் குறித்துக் கிளைச் செயலாளரிடம் கொடுங்கள். மனுவோடு அந்தக் குறிப்புகளையும் சேர்த்தே இலாகாவிடம் கொடுப்போம்.