காபியில் தேங்காய் எண்ணெய்: எடை குறையுமா, கணக்கு தப்புமா?

ஆபீஸில் யாராவது ஒருவர் டயட் ஆரம்பித்தால் போதும், அடுத்த வாரமே வாட்ஸ்அப்பில் ஒரு ரீல் வந்து விழும். சர்க்கரை இல்லாத கறுப்பு காபி, அதில் ஒரு ஸ்பூன் தேங்காய் எண்ணெய், மிக்ஸியில் ஒரு சுற்று. மேலே நுரை பொங்க, "காலையில இத குடிச்சா மதியம் வரைக்கும் பசிக்காது, தொப்பை தானா கரையும்" என்று ஒரு குரல்.

மொபைல் ஆப்பில் இட்லியைக்கூட எண்ணிப் பதிவு செய்கிறவர்கள் இந்தக் காபியையும் ஆசையோடு குடிக்கிறார்கள். இரண்டும் ஒன்றுக்கொன்று ஒத்துப்போகுமா? என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: கலோரி பார்த்துச் சாப்பிடுகிறவருக்கு இந்தக் காபியால் பெரிய லாபம் எதுவும் இல்லை. ருசிக்காகக் குடித்தால் அது வேறு கதை.

இந்தப் பழக்கம் எங்கிருந்து வந்தது?

டேவ் ஆஸ்ப்ரே என்ற அமெரிக்கத் தொழில்முனைவோர் திபெத்துக்குப் போனபோது, யாக் மாட்டின் வெண்ணெய் கலந்த தேநீரைக் குடித்தார். அதை வைத்து அவர் பிரபலப்படுத்தியதுதான் 'புல்லட்ப்ரூஃப் காபி'. அதில் வெண்ணெயும், எம்சிடி எனப்படும் ஒருவகைக் கொழுப்பெண்ணெயும் சேரும்.

திபெத்தில் அந்தத் தேநீருக்கு ஒரு காரணம் இருக்கிறது. கடும் குளிர், உயரமான மலை, நாள் முழுக்க உடலுழைப்பு. அங்கே அது உடம்புக்குக் கலோரி சேர்க்கும் பானம். அதையே ஏசி அறையில் எட்டு மணி நேரம் உட்கார்ந்து வேலை பார்க்கிறவர் கலோரி குறைக்கும் பானமாகக் குடிக்கிறார். முதல் சிக்கல் இங்கேயே தொடங்குகிறது.

நம்மூருக்கு வந்தபோது செய்முறையும் மாறியது. எம்சிடி எண்ணெய் விலை அதிகம். தேங்காய் எண்ணெய் எல்லார் வீட்டிலும் இருக்கு. கன்னியாகுமரியிலும் கேரளத்திலும் தலைமுறை தலைமுறையாகச் சமையலில் புழங்குவது. "அதே மாதிரிதானே" என்று மாற்றிக்கொண்டார்கள். ஆனால் இரண்டும் ஒன்றல்ல. அதற்குப் பிறகு வருவோம்.

'ஒரு ஸ்பூன்' என்றால் எந்த ஸ்பூன்?

நம் வீடுகளில் ஸ்பூன் என்றால் காபி கலக்குவதும் ஸ்பூன்தான், குழம்பு ஊற்றுவதும் ஸ்பூன்தான். கணக்கு தப்புவது பெரும்பாலும் இங்கேதான்.

எந்த எண்ணெயாக இருந்தாலும் 1 கிராம் கொழுப்புக்கு 9 கலோரி. டீஸ்பூன் தேங்காய் எண்ணெய் சுமார் 4.5 கிராம், அதாவது 40 கலோரி. டேபிள்ஸ்பூன் என்றால் கிட்டத்தட்ட 14 கிராம், அதாவது 120 கலோரி. ரீல்களில் ஊற்றுவது பெரும்பாலும் இந்தப் பெரிய ஸ்பூன். சிலர் இரண்டு ஊற்றுகிறார்கள்.

செக்கில் ஆட்டியதா, விர்ஜின் எண்ணெயா, சாதாரண பாக்கெட்டா என்பதில் மணமும் விலையும் மாறும். கலோரி மாறாது.

கறுப்பு காபியில் இரண்டு, மூன்று கலோரிதான் இருக்கும். ஆப்பில் 'பிளாக் காபி' என்று தட்டிவிட்டு எண்ணெயைப் பதிவு செய்ய மறந்தால், தினமும் 120 கலோரி கண்ணுக்குத் தெரியாமல் உள்ளே போகும். ஒரு வருஷத்துக்கு 43,800 கலோரி. ஒரு கிலோ உடல் கொழுப்புக்குச் சுமார் 7,700 கலோரி என்ற வழக்கமான கணக்கில் இது ஐந்து கிலோவுக்கு மேல். உடம்பு இப்படி நேர்க்கோட்டில் இயங்காது, எடை கூடக்கூடச் செலவாகும் கலோரியும் கொஞ்சம் கூடும். ஆனாலும் "கரெக்டாதான் சாப்பிடுறேன், எடை மட்டும் அசையல" என்று புலம்புகிறவர்கள் முதலில் தேட வேண்டிய இடம் இதுதான்.

இன்னொரு வேடிக்கை. டயட்டுக்காக நாம் முதலில் தியாகம் செய்வது ஃபில்டர் காபியை. 4.5 சதவீதக் கொழுப்புள்ள பச்சை பாக்கெட் பால் 100 மில்லி, ஒரு டீஸ்பூன் சர்க்கரை, டிகாக்‌ஷன். மொத்தம் 90 கலோரியைச் சுற்றித்தான் வரும். அதில் 3 கிராம் புரதமும் கால்சியமும் உண்டு. அதை விட்டுவிட்டு 120 கலோரி எண்ணெய்க் காபிக்கு மாறுவது எந்த ஊர் சிக்கனம்?

கொழுப்பைக் கரைக்கும் என்கிறார்களே?

இந்த நம்பிக்கைக்குப் பின்னால் நிஜமான ஆய்வு இருக்கிறது. ஆனால் அது தேங்காய் எண்ணெய் பற்றியது இல்லை.

அமெரிக்காவின் கொலம்பியா பல்கலைக்கழக ஆய்வாளர் மேரி-பியர் செயின்ட்-ஆஞ்ச், எம்சிடி எண்ணெயை நீண்டகாலமாக ஆராய்ந்தவர். இந்தக் கொழுப்பு குடலிலிருந்து நேராகக் கல்லீரலுக்குப் போய்ச் சீக்கிரம் எரிபொருளாகிவிடும். 2008-ல் வெளியான அவருடைய ஆய்வில், எடை குறைப்புத் திட்டத்தில் இருந்தவர்களுக்கு 16 வாரம் தினமும் 18 முதல் 24 கிராம் எம்சிடி எண்ணெயோ ஆலிவ் எண்ணெயோ கொடுக்கப்பட்டது. எம்சிடி குழுவினருக்குச் சுமார் 1.7 கிலோ கூடுதலாகக் குறைந்தது. 49 பேரில் தொடங்கி 31 பேர் மட்டுமே முடித்த சின்ன ஆய்வு அது. அதோடு, எல்லாரும் கலோரியைக் கட்டுப்படுத்தித்தான் சாப்பிட்டார்கள். எண்ணெய் உணவின் மேல் சேரவில்லை, உணவுக் கணக்குக்குள்ளேயே இருந்தது.

தேங்காய் எண்ணெயில் இப்படி வேகமாக எரியும் கேப்ரிலிக், கேப்ரிக் அமிலங்கள் இரண்டும் சேர்ந்தே ஏறத்தாழ 14 சதவீதம்தான். கிட்டத்தட்டப் பாதி லாரிக் அமிலம். அதை ரசாயனப் பெயரில் எம்சிடி பட்டியலில் சேர்த்தாலும், உடம்பு அதன் பெரும்பகுதியை மற்ற நீண்ட கொழுப்புகளைப் போலவே கையாள்கிறது.

அப்படியானால் ஒரு டேபிள்ஸ்பூனில் கிடைப்பது 2 கிராம். ஆய்வில் கொடுத்த 18 கிராமை எட்ட, தினமும் ஒன்பது டேபிள்ஸ்பூனுக்கு மேல் குடிக்கணும். அது 1,100 கலோரிக்கு மேல். எடை குறைக்கும் உணவுத் திட்டத்தில் முக்கால் நாள் சாப்பாடு!

விரதம் இருக்கிறவங்களுக்கு?

16 மணி நேரம் சாப்பிடாமல் இருப்பவர்கள், "எண்ணெய் இன்சுலினை ஏத்தாது, அதனால விரதம் முறியாது" என்பார்கள். முதல் பாதி பெருமளவு சரி. கொழுப்பு மட்டும் சாப்பிட்டால் இன்சுலின் அதிகம் ஏறாது. ஆனால் எடை குறைவது மொத்தத்தில் எவ்வளவு உள்ளே போகிறது என்பதைப் பொறுத்தது. விரத நேரத்தில் குடித்த 120 கலோரி கணக்கிலிருந்து காணாமல் போய்விடாது.

பசி அடங்குவது சிலருக்கு நிஜம்தான். காபிக்கே கொஞ்ச நேரம் பசியைத் தள்ளிப்போடும் குணம் உண்டு. இந்தக் காபி 300 கலோரி டிபனுக்குப் பதிலாக வந்து, மதியமும் அளவோடு சாப்பிட்டால் மொத்தக் கணக்கு குறையும். டிபனோடு கூடுதலாக வந்தால் ஏறும். ஆனால் அதே 120 கலோரிக்கு ஒன்றரை முட்டை கிடைக்கும், 9 கிராம் புரதத்தோடு. எண்ணெயில் புரதமும் இல்லை, நார்ச்சத்தும் இல்லை.

இதயத்துக்கு என்ன ஆகும்?

எடையைவிட இதுதான் முக்கியமான கேள்வி. ஒரு டேபிள்ஸ்பூன் தேங்காய் எண்ணெயில் நிறைவுற்ற கொழுப்பு மட்டும் 11 கிராமுக்கு மேல். மொத்தக் கலோரியில் 10 சதவீதத்துக்கு மேல் இந்தக் கொழுப்பு போகக் கூடாது என்கிறது உலக சுகாதார நிறுவனம். 1,500 கலோரி டயட்டில் இருப்பவருக்கு அது 16, 17 கிராம். ஒரே காபியில் மூன்றில் இரண்டு பங்கு முடிந்துவிடுகிறது. மதியப் பொரியல், சாயங்கால வடை எல்லாம் இன்னும் பாக்கி.

ஆய்வுகள் எல்லாம் ஒரே குரலில் பேசவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். 2018-ல் வெளியான கேம்பிரிட்ஜ் ஆய்வாளர்களின் சோதனையில், நான்கு வாரம் தினமும் 50 கிராம் விர்ஜின் தேங்காய் எண்ணெய் சாப்பிட்டவர்களுக்குக் கெட்ட கொழுப்பான எல்டிஎல் வெண்ணெய் சாப்பிட்டவர்கள் அளவுக்கு ஏறவில்லை. நல்ல கொழுப்பான எச்டிஎல் கூடியது. ரீல்களுக்குப் பிடித்த ஆய்வு இது. ஆனால் 2020-ல் 16 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தபோது, சூரியகாந்தி, ஆலிவ் போன்ற எண்ணெய்களோடு ஒப்பிட்டால் தேங்காய் எண்ணெய் எல்டிஎல்-ஐச் சுமார் 10 புள்ளி ஏற்றியது தெரிந்தது. எச்டிஎல் 4 புள்ளி ஏறியது. ஒரே ஒரு சோதனையைவிடப் பல சோதனைகளின் கூட்டுக்கணக்கு நம்பத் தகுந்தது.

10 புள்ளி சின்ன எண் போலத் தெரியலாம். ஆனால் 52 நாடுகளில் நடந்த 'இன்டர்ஹார்ட்' ஆய்வின்படி, தெற்காசியர்களுக்கு முதல் மாரடைப்பு வரும் சராசரி வயது 53. மற்றவர்களுக்கு 59. சென்னையைச் சேர்ந்த மெட்ராஸ் டயாபடீஸ் ரிசர்ச் ஃபவுண்டேஷன் முன்னின்று நடத்திய தேசிய ஆய்வின் 2023 முடிவுகளில், ஐந்தில் ஒருவருக்கு எல்டிஎல் அதிகம். முப்பது வயதில் ரத்தப் பரிசோதனையே செய்துகொள்ளாமல் தினமும் எண்ணெய் குடிப்பது தேவையில்லாத சூதாட்டம்.

சரி, குடிக்கணும்னு தோணினா?

● டீஸ்பூனால் அளந்து ஒன்று மட்டும். பாட்டிலிலிருந்து நேராக ஊற்ற வேண்டாம்.

● ஆப்பில் 40 கலோரி என்று பதிவு செய்யுங்கள். அன்றைய தாளிப்பில் அதே அளவைக் குறையுங்கள்.

● ஆரம்பிக்கும் முன் ஒரு லிபிட் புரொஃபைல், மூன்று மாதம் கழித்து இன்னொன்று. எல்டிஎல் ஏறியிருந்தால் நிறுத்திவிடுங்கள்.

● பித்தப்பைக் கல், கணையப் பிரச்சினை, இதய நோய், அதிகக் கொலஸ்ட்ரால் உள்ளவர்கள் தவிர்ப்பது நல்லது. சர்க்கரை நோய்க்கு மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர்கள் டிபனை விட்டுவிட்டு இதைக் குடித்தால் சர்க்கரை திடீரென இறங்கலாம். டாக்டரிடம் கேட்காமல் வேண்டாம்.

● வெறும் வயிற்றில் எண்ணெய் போனால் சிலருக்கு வயிறு கலக்கும். ஆபீஸ் கேப் ஏறும் நேரத்தில் சோதித்துப் பார்க்காதீர்கள்.

தேங்காய் எண்ணெய் விஷமும் இல்லை, மருந்தும் இல்லை. அவியலின் மேல் பச்சையாக ஒரு ஸ்பூன் விட்டால் அதற்கு ஒரு மணம் வரும், அது போதும். கலோரி குறைக்கணும் என்றால் கறுப்பு காபியைக் கறுப்பாகவே குடியுங்கள். பால் காபிதான் பிடிக்கும் என்றால் சர்க்கரையை அரை ஸ்பூனாக்கி நிம்மதியாகக் குடியுங்கள். இரண்டுமே அந்த எண்ணெய்க் காபியைவிட லேசானவை.