ஓய்வும் அட்டவணைக்குள் வரவேண்டும்



நியூசிலாந்தில் வேலை பார்க்கும் நம் பழைய மாணவர் ஒருவர் கேட்டிருந்தார்: "பிரான்ஸ் தன் முதல்தர வீரர்களை ஊரிலேயே விட்டுவிட்டு இங்கே ரக்பி ஆட வந்ததே, இது எங்களை அவமதிப்பது இல்லையா டீச்சர்?" 2025 ஜூலை சுற்றுப்பயணத்தைச் சொல்கிறார். எனக்கு அதில் அவமதிப்பு தெரியவில்லை தம்பி. அட்டவணைக் கோளாறுதான் தெரிகிறது.

தேதிகளைப் பாருங்கள். பிரான்ஸின் உள்நாட்டு லீக்கான டாப் 14 இறுதிப் போட்டி ஜூன் 28. டனீடினில் முதல் டெஸ்ட் ஜூலை 5. இடையில் ஒரே வாரம்; அதற்குள் பூமியின் மறுபக்கம் போய்ச் சேரவேண்டும். அந்த லீக் தொடங்கியது முந்தைய செப்டம்பரில். நடுவில் நவம்பர் டெஸ்டுகள், ஆறு நாடுகள் போட்டி, ஐரோப்பியக் கோப்பை. பயிற்சியாளர் கால்தியே வழக்கமான வீரர்கள் பலருக்கு ஓய்வு கொடுத்தார். மூன்று டெஸ்டிலும் தோற்றார்கள். அவர் செய்தது சரி என்றே சொல்வேன்.

பிரான்ஸில் வீரருக்குச் சம்பளம் கொடுப்பது கிளப். நாட்டு அணி அவரை இரவல் வாங்குகிறது. ஒரே மாட்டை இரண்டு வீட்டார் உழவுக்குப் பூட்டினால், அதற்குத் தண்ணீர் காட்டுவது யார்? அயர்லாந்திலும் நியூசிலாந்திலும் முன்னணி வீரர்களின் ஒப்பந்தம் நாட்டு ரக்பி சங்கத்திடமே இருக்கிறது. அதனால் அங்கே ஓய்வைத் திட்டமிட முடிகிறது.

ஓய்வு சலுகை அல்ல, நியாயம். 2015 உலகக் கோப்பையில் செப்டம்பர் 19 அன்று ஜப்பான், தென்னாப்பிரிக்காவை 34-32 என்று வென்று உலகையே அசத்தியது. நான்கே நாளில், 23ஆம் தேதி ஸ்காட்லாந்தோடு ஆட்டம். ஸ்காட்லாந்துக்கோ அதுதான் முதல் ஆட்டம். ஜப்பான் 45-10 என்று தோற்றது. நான்கில் மூன்று ஆட்டங்களை வென்றும் காலிறுதிக்குப் போக முடியவில்லை. களைப்பு மட்டுமே காரணம் என்று சொல்லமாட்டேன். ஆனால் ஒரு பிள்ளை நேற்றுதான் பெரிய பரீட்சை எழுதியிருக்க, இன்னொரு பிள்ளை வீட்டிலிருந்து தெளிவாக வந்து உட்கார்ந்தால், அது சமமான பரீட்சையா? 2023 உலகக் கோப்பையில் எல்லா அணிகளுக்கும் ஆட்டங்களுக்கிடையே குறைந்தது ஐந்து நாள் ஓய்வு என்று வைத்தார்கள். மனம் இருந்தால் முடிகிறது, பாருங்கள்.

இது வெற்றி தோல்வியோடு நிற்பதும் இல்லை. 2003இல் உலகக் கோப்பை வென்ற இங்கிலாந்து அணியின் ஸ்டீவ் தாம்ப்சனுக்கு நாற்பத்திரண்டு வயதில் மறதிநோய் என்று கண்டறிந்தார்கள். கோப்பையை வென்றதே நினைவில் இல்லை என்கிறார் அவர். ஆட்டம் கூடக்கூடத் தலையில் விழும் அடியும் கூடும். களைத்த உடல் சரியான நேரத்தில் குனியாது, விலகாது.

பணம் கொடுத்து டிக்கெட் வாங்கியவர் நட்சத்திர வீரர்களைப் பார்க்க ஆசைப்படுவது நியாயமே. அதற்கு வழி, களைத்தவரை இழுத்து வருவது அல்ல. லீக் முடிந்து நான்கு வாரமாவது கழித்துச் சுற்றுப்பயணம் தொடங்கட்டும். கிளப், நாடு இரண்டையும் சேர்த்து, ஒரு வீரர் ஆண்டுக்கு இத்தனை ஆட்டம்தான் என்று உச்சவரம்பு வரட்டும்.

பள்ளியில் நேர அட்டவணை போடும்போது முதலில் இடைவேளையைக் குறித்துவிட்டுத்தான் பாடங்களை நிரப்புவோம். மிச்சமிருந்தால் ஓய்வு என்று விட்டால், மிச்சமே இருக்காது. அலுவலகத்தில் அட்டவணை போடும் இடத்தில் இருக்கும் என் பிள்ளைகளும் இதை யோசியுங்கள்.

மாற்றுக்கருத்து இருந்தால் தாராளமாக எழுதுங்கள். அனைவரும் நலமோடு இருங்கள்.