மார்ப்பதக்கத்தில் வெட்டப்பட்ட பெயர்கள்



திருமண காலம் வந்தால் ஒரு வாதமும் கூடவே வருகிறது. "ஆரோனின் மார்ப்பதக்கத்தில் பன்னிரண்டு இரத்தினங்களைப் பதிக்கச் சொன்னவர் ஆண்டவர்தானே? புதிய எருசலேமின் அஸ்திபாரங்களும் இரத்தினங்கள்தானே? அப்படியிருக்க, மருமகள் வைர அட்டிகையோடும் கெம்பு ஆரத்தோடும் வரவேண்டுமென எதிர்பார்ப்பதில் என்ன பிழை?"

வாதத்தின் முற்பகுதியை ஒப்புக்கொள்கிறேன். பொன்னும் மணியும் பாவமல்ல. அவை படைத்தவரின் கைவேலை. ஆனால் யாத்திராகமம் 28ஆம் அதிகாரத்தைப் பாதியில் மூடிவிடாதீர்கள். நான்கு வரிசையாகப் பொன்னில் பதிக்கப்பட்ட அந்தக் கற்கள் ஒவ்வொன்றிலும் இஸ்ரவேலின் ஒரு கோத்திரத்தின் பெயர் வெட்டப்பட்டிருந்தது. பரிசுத்த ஸ்தலத்தில் பிரவேசிக்கும்போது ஆரோன் அந்தப் பெயர்களைத் தன் இருதயத்தின்மேல் சுமந்து சென்றான். மரகதமும் வச்சிரமும் இந்திரநீலமும் அவன் செல்வத்தைப் பறைசாற்ற வைக்கப்படவில்லை; ஜனங்களை மறவாதிருக்க வைக்கப்பட்டன.

நாம் கேட்டு வாங்கிய நகைகளில் யாருடைய பெயர் வெட்டப்பட்டிருக்கிறது? வயலை விற்ற தகப்பனின் பெயர். தன் வளையல்களை அடகு வைத்த தாயின் பெயர். அக்காளின் சவரன் கணக்கு முடியும்வரை படிப்பை நிறுத்திய தங்கையின் பெயர். அவை நம் கண்ணுக்குத் தெரிவதில்லை, ஆண்டவர் வாசிக்கிறார்.

"நாங்கள் எதுவும் கேட்கவில்லை, உங்கள் பெண்ணுக்கு நீங்கள் செய்வதைச் செய்யுங்கள்" என்கிறீர்கள். இது கேளாமல் கேட்பது. 1961ஆம் ஆண்டின் வரதட்சிணைத் தடைச் சட்டம் மறைமுகமாகக் கேட்பதையும் குற்றமென்கிறது. நாட்டின் சட்டத்துக்கு விளங்கியது சபைக்கு விளங்காதா? நகை அணிவதில்லை என்று சாட்சி சொல்லும் குடும்பங்களே, உங்களில் சிலரும் தப்ப முடியாது. பொன்னை விலக்கிவிட்டு, அதன் விலையை ரொக்கமாகவும் மனையாகவும் வாங்குவது எந்த வகைப் பரிசுத்தம்?

"ஆபத்துக் காலத்தில் அவளுக்கு உதவுமே" என்பார்கள். அப்படியானால் பெட்டகத்தின் சாவி யார் கையில் இருக்கிறது? நகைக்கடன் வாங்கப் போனாலும், கற்களின் எடையைக் கழித்துப் பொன்னின் எடைக்கே பணம் கொடுப்பார்கள். மண்டபத்தில் எல்லாரையும் திரும்பிப் பார்க்கவைத்த கெம்பும் பச்சையும் அந்தத் தராசில் கழிவு. ஊர் பார்க்கவே அவை கேட்கப்பட்டன, அவளுக்காக அல்ல.

மூன்று ஞாயிறுகள் ஓலை வாசித்து, தடை ஏதும் உண்டோ என்று சபையாரைக் கேட்கிறோம். சவரன் பட்டியல் பேசப்பட்டிருந்தால் அதுவே தடை. அதை அறிந்தும் மௌனமாக ஓலை வாசித்த நாட்கள் எனக்கும் உண்டு. அதற்காக ஆண்டவரிடம் மன்னிப்புக் கேட்டிருக்கிறேன். இனி அந்த மௌனம் என்னிடத்தில் இராது.

மகனைப் பெற்றவர்களே, ஓலை கொடுக்க வருமுன் பெண் வீட்டுக்குச் செல்லுங்கள். "உங்கள் மகளே எங்களுக்குப் போதும், நகைக்காகக் கடன் வாங்காதீர்கள்" என்று வாய் திறந்து சொல்லுங்கள். கேளாதிருப்பது மட்டும் போதாது. வேண்டாம் என்று சொல்லவும் வேண்டும்.

நம் பெயர்களைத் தம் இருதயத்தில் சுமக்கும் பிரதான ஆசாரியராகிய கிறிஸ்து, அந்த வார்த்தையைச் சொல்லும் துணிவை நமக்கு அருள்வாராக. ஆமென்.