கூத்துக்கு லீவு கொடுங்கள்

ஓசூர் சிப்காட்டில் காண்ட்ராக்ட் தொழிலாளியாக இருக்கும் என் தங்கை மகன், போன வாரம் ஒரு நோட்டும் ஒரு பெட்டி கலர் பென்சிலும் வாங்கி வந்தான். கம்பெனியில் மகிழ்ச்சிப் பயிற்சி நடந்ததாம். பெங்களூரிலிருந்து வந்தவர் இரண்டு மணி நேரம் பேசினாராம். காலை ஐந்து மணிக்கு எழு, வெந்நீர் குடி, நன்றி சொல்ல மூன்று விஷயங்களை எழுது, பத்து நிமிடம் படம் வரை, மகிழ்ச்சி உன் கையில்தான் இருக்கிறது என்றாராம். அந்த வாரம் இவனுக்கு நைட் ஷிப்ட். காலை ஐந்து மணிக்கு மெஷின் முன்னால் நிற்கிறவன் எங்கே போய் எழுவான்? எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

இந்தப் பேச்சு இப்போது எங்கும் கேட்கிறது. வாட்ஸ்அப்பில், பள்ளி ஆண்டு விழாவில், மகளிர் குழுக் கூட்டத்தில். நாலு நல்ல பழக்கமும் ஒரு கைவேலையும் போதும், அதற்குப் பிறகும் மனம் வாடினால் குற்றம் உன்னுடையது. எவ்வளவு வசதியான போதனை! சம்பளத்தைப் பற்றியோ, ஷிப்டைப் பற்றியோ, வாடகையைப் பற்றியோ இதில் ஒரு வார்த்தை கிடையாது.

கிருஷ்ணகிரி மாவட்டத்துக்காரனுக்கு மகிழ்ச்சியைப் பற்றி யாரும் பாடம் எடுக்க வேண்டாம். நாங்கள் பாரதக் கூத்து பார்த்து வளர்ந்தவர்கள். திரௌபதி அம்மன் கோயிலில் கொடியேறினால் பகலில் பாரதச் சொற்பொழிவு, ராத்திரி கூத்து. ஊர் அடங்கும் நேரத்தில் மிருதங்கமும் முகவீணையும் தொடங்கினால் விடிகிற வரைக்கும் ஓயாது. அர்ச்சுனன் வேடக்காரர் தபசு மரத்தின் உச்சிக்கு ஏறுவார். கீழே பிள்ளை வரம் கேட்டு ஈரச்சேலையோடு பெண்கள் காத்திருப்பார்கள். கட்டியங்காரன் ஊர்ப் பெரியவரையே பேர் சொல்லிக் கேலி செய்வான், அவரும் சேர்ந்து சிரித்தாக வேண்டும். கடைசி நாள் படுகளத்தில் மண்ணால் செய்த துரியோதனன் ஆளுயரத்துக்குப் பல மடங்காய்ப் படுத்துக் கிடப்பான். பீமன் அவன் தொடையைப் பிளக்கும்போது எழும் சத்தத்தை நேரில் கேட்டால்தான் தெரியும்.

அந்த நாட்களில் யாரும் சரியாகத் தூங்குவதில்லை, நேரத்துக்குச் சாப்பிடுவதில்லை. வீட்டுக்கு வீடு வரி போட்டுப் பணம் வேறு கரைகிறது. பயிற்சியாளரின் பட்டியலில் ஒன்றைக்கூட யாரும் கடைப்பிடிப்பதில்லை. ஆனாலும் அடுத்த வருஷக் கொடியேற்றம் வரை அந்தச் சனங்கள் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரிக்கிறார்கள்.

படைப்பாற்றல் என்கிறார்களே, கூத்தாடிக்கு இல்லாத படைப்பாற்றலா? பகலெல்லாம் வயலிலும் கட்டட வேலையிலும் நின்றவர் அரிதாரம் பூசி, கிரீடமும் புஜகீர்த்தியும் கட்டி, கர்ணனாக வந்து நிற்கிறார். வாத்தியாரிடம் வருஷக்கணக்கில் அடியும் பாட்டும் கற்றவர். அவர் தனியாக ஓர் அறையில் உட்கார்ந்து பத்து நிமிடம் கர்ணனாக இருக்க முடியுமா? எதிரே ஒரு ஊர் உட்கார வேண்டும்.

புத்தகத் திருவிழாக்களில் அடுக்கி வைக்கும் 'இக்கிகய்' புத்தகத்தையும் இவர்கள் மேற்கோள் காட்டுகிறார்கள். முழுதாகப் படித்தார்களா என்று சந்தேகம். ஒக்கினாவாவின் ஒகிமி கிராமத்துக் கிழவர்களைப் பற்றிச் சொல்லும் அந்தப் புத்தகம் மோவாய் என்ற குழுவைப் பற்றியும் சொல்கிறது. நம்மூர்ச் சீட்டு மாதிரி மாதாமாதம் பணம் போட்டுக் கூடி, பேசி, விளையாடி, கஷ்டம் வந்தால் கைகொடுக்கிற கூட்டம் அது. இங்கே வந்து சேரும்போது கூட்டம் காணாமல் போய் வெந்நீர் மட்டும் மிஞ்சுகிறது.

காலையில் இயற்கையோடு நட என்று ஒரு உபதேசம். எங்கே நடப்பது? கெலவரப்பள்ளி அணைக்குப் போய்ப் பாருங்கள். பெங்களூரின் கழிவைச் சுமந்து வரும் தென்பெண்ணை அங்கே வெள்ளை நுரையாய்ப் பொங்கி நிற்கும் நாட்கள் எத்தனை! மூக்கைப் பொத்திக்கொண்டு என்ன நன்றியை எழுதுவது? மந்தைவெளிகளெல்லாம் மனைப்பிரிவாகிவிட்டன. நாளைக்குக் கூத்து வைக்க ஆள் கிடைத்தாலும் களம் கிடைக்காது.

நேரத்தைப் பறிப்பதோ அதைவிடப் பெரிய கொடுமை. 1923 மே 1ஆம் தேதி சிங்காரவேலர் சென்னையில் இந்தியாவின் முதல் மே தினத்தைக் கொண்டாடினார். சரியாக நூறு வருஷம் கழித்து, 2023 ஏப்ரலில், 12 மணி நேர வேலைக்கு வழிவிடும் மசோதா நம் சட்டமன்றத்திலேயே நிறைவேறியது. தொழிற்சங்கங்கள் கொதித்தெழுந்த பிறகுதான் அது திரும்பப் பெறப்பட்டது. அன்றைக்கு மகிழ்ச்சிப் பயிற்சியாளர்களில் ஒருவராவது வாய் திறந்ததாக எனக்கு நினைவில்லை.

இந்தப் பக்கத்து விடுதிகளில் ஒடிசாவிலிருந்து வந்த பெண்கள் இருக்கிறார்கள். அவர்கள் ஊரில் ஜூன் மாதம் ரஜ பண்டிகை. மூன்று நாள் பெண்கள் வேலை செய்யக் கூடாது, ஊஞ்சல் கட்டி ஆட வேண்டும், பாட வேண்டும். பூமித்தாய்க்கே ஓய்வு என்பது அந்த நம்பிக்கை. அந்த மூன்று நாளும் இங்கே அவர்கள் கன்வேயர் முன்னால் நிற்கிறார்கள். அவர்களிடமும் யாரோ ஒருவர் கலர் பென்சிலை நீட்டுவார்.

தமிழ்நாட்டில் 1958ஆம் வருஷத்துச் சட்டப்படி தொழிலாளிக்கு நான்கு தேசிய விடுமுறை, ஐந்து பண்டிகை விடுமுறை, ஆக மொத்தம் ஒன்பது நாள். என் தங்கை மகனின் ஊர்ப் பாரதம் அந்த ஒன்பதுக்குள் வருவதில்லை. போன முறை படுகளத்தன்று லீவு கேட்டவனுக்குக் கிடைக்கவில்லை. சொல்லாமல் நின்றால் காண்ட்ராக்ட்காரர் அடுத்த நாளே வேறு ஆளை ஏற்றிவிடுவார் என்று பயந்து அவனும் போய்விட்டான். பயிற்சி வகுப்புக்கு ஆகும் செலவில் கூத்து நடக்கும் ஊர்ப் பிள்ளைகளுக்கு இரண்டு நாள் சம்பளத்தோடு லீவு கொடுங்கள். அந்த வாரம் நைட் ஷிப்ட் போடாதீர்கள். காண்ட்ராக்ட் ஆளுக்கும் இதெல்லாம் பொருந்தும் என்று எழுத்தில் கொடுங்கள்.